பிடிபட்டவரின் கரும்பு

தன்னோடு சண்டைக்கு வரவில்லை என்பதற்காக, எதிராளியின் வீட்டு வாசலுக்கே தேடிப்போய்ச் சண்டை போட்ட மனுஷரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் என் அக்காவின் புருஷன், எனக்கு மாமா. ஊர் கள்ளிக்குப்பம்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை, வாய்க்கால் தண்ணீர். மாமாவின் கத்தரித் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் ஒரே வாய்க்கால். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று முறை. அந்த முறையில் வருஷம் தவறாமல் தகராறு வரும். மாமாவும் பக்கத்துத் தோட்டக்காரரும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு வரப்பில் ஏறி நின்று, தாத்தாவில் ஆரம்பித்து முப்பாட்டன் வரை இழுத்துப் பேசி, தொண்டை கட்டியதும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். மாமா பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் வயிற்றை அறுத்துக்கொண்டு வீடு திரும்பிய வருஷம் அந்தத் தோட்டக்காரர் என்ன செய்தார் தெரியுமா? தன் முறை நாளில் மடையை மாமாவின் பக்கம் திருப்பிவிட்டு, பேசாமல் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நானாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு பாய்ச்சியிருப்பேன். மாமா நேராக அவர் வாசலில் போய் நின்றார். அன்றைக்கு நானும் கூட இருந்தேன்.

"இன்னாய்யா, உன் மொறையில எனக்குத் தண்ணி உட்டுகீறியாமே?"

"பரவால்ல அண்ணாத்தே. நீயே ஒடம்பு சரியில்லாம வந்துகீறே, பாவம்..."

"பாவமா? தண்ணி குடிக்கிறது கத்திரிச் செடிய்யா. அதுக்கு எந்த ஆஸ்பத்திரில ஆபரேசன் பண்ணாங்க? போன வருசம் என்னை இன்னா சொன்னே? மடைத் திருடன்னு சொன்னியா இல்லியா? இப்ப சொல்லு!"

அவர் சொல்ல மாட்டேன் என்கிறார். மாமா விட மாட்டேன் என்கிறார். கடைசியில் மாமா அவருடைய தாத்தாவை இழுத்தார். அவ்வளவுதான்! மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கி வந்து பொரிந்து தள்ளிவிட்டார். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. திரும்பி நடக்கும்போது மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர் முகம்!

"ஷோக்கா திட்டினான் மச்சான்," என்றார் என்னிடம். "முப்பாட்டன் வரைக்கும் போயிட்டான்."

மறுநாளிலிருந்து தண்ணீர் முறைப்படிதான் வந்தது.

மாமாவுக்கு எதுவும் முழுசாக இருக்க வேண்டும். சோறென்றால் இலை நிறைய. சிரிப்பென்றால் தெருமுனை வரைக்கும் கேட்க வேண்டும். சண்டையென்றால் சண்டை. "அளந்து குடுக்காதே, அள்ளிக் குடு" என்பது அவர் வாயில் எந்நேரமும் புரளுகிற வார்த்தை. அப்படிப்பட்ட மனுஷருக்கு யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் குடலில் ஒரு கட்டி வந்தது. வயிறு பானையாக உப்பி, பச்சைத் தண்ணீர்கூட இறங்காமல், மாட்டு வண்டியில் போட்டு அம்பத்தூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ரயிலில் பட்டணத்துக்குத் தூக்கிப் போனோம். திரும்ப உயிரோடு பார்ப்போமா என்று எனக்குச் சந்தேகம்தான். டாக்டர்கள் கட்டியை அறுத்து எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த குடலின் நுனியை இடது பக்க வயிற்றில் வெளியே இழுத்து, வாய்போல வைத்துத் தைத்துவிட்டார்கள். இனிமேல் சாகிற வரைக்கும் மலம் போவது அந்த வழியாகத்தான். அதைப் பிடித்துக்கொள்ள ஒரு தகரக் கிண்ணம், அதை வயிற்றோடு கட்டிக்கொள்ள ஒரு பெல்ட், இரண்டையும் கொடுத்து அனுப்பினார்கள்.

இதையெல்லாம் எழுதக் கூச்சமாக இல்லையா என்று கேட்பீர்கள். மாமாவுக்கே இல்லாத கூச்சம் எனக்கெதற்கு?

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக முத்தாபுதுப்பேட்டைக்கு, எங்கள் வீட்டுக்குத்தான் கூட்டி வந்தோம். அம்மா அவரைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எம் பொண்ணு தலையெழுத்து இப்படியா ஆவணும் என்று ஒரே ஒப்பாரி. அந்த நேரம் பார்த்து மாமாவின் வேட்டிக்குள்ளிருந்து 'புர்ர்' என்று நீளமாக ஒரு சத்தம். நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். அப்பா உத்தரத்தைப் பார்த்தார். மாமா மட்டும் நிதானமாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அழாத அத்தே. உனுக்கு இன்னொரு மாப்ளை வந்துகீறாரு. நான் பழசு, இவரு புதுசு. காலையில வெந்நீர் வைக்கணும், வேளைக்குச் சோறு போடணும், மரியாதை கொஞ்சம் கொறஞ்சாலும் முறுக்கிக்குவாரு. பழைய மாப்ளை மாதிரியேதான்!"

அம்மாவுக்கு அழுகையிலேயே சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. அன்றைக்கு வைத்த பேர்தான். அதன் பிறகு கள்ளிக்குப்பத்தில் யாரும் அதை வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மாப்ளை எப்டி கீறாரு?" என்று தெருவில் கேட்பார்கள். "காலையில கோச்சிக்கினாரு, இப்ப சமாதானம்," என்பார் மாமா.

காலை வேலை எப்படியென்று ஆஸ்பத்திரி நர்ஸ் என் அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். விடிந்ததும் எனிமா டப்பாவை ஆணியில் மாட்டி, வெதுவெதுப்பான தண்ணீரை வயிற்று வாய் வழியாக உள்ளே விட்டு, முக்கால் மணி நேரம் கொல்லையில் உட்கார வேண்டும். குடல் கழுவிவிட்டது போலச் சுத்தமாகிவிடும். அன்று முழுக்க மாப்பிள்ளை பெரும்பாலும் தூங்குவார். அந்த முக்கால் மணி நேரத்தையும் மாமா வீணாக்கியதில்லை. கொல்லைத் தட்டிக்கு அந்தப் பக்கம் கத்தரிக்காய் வியாபாரி நிற்பார், இந்தப் பக்கம் மாமா உட்கார்ந்திருப்பார், பேரம் நடக்கும். வியாபாரி சீக்கிரம் படிந்துவிடுவார் என்று அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

தகரக் கிண்ணம்தான் பேஜார் பண்ணியது. குனிந்தால் நகர்ந்தது, நிமிர்ந்தால் ஒழுகியது. தோல் புண்ணாகிவிட்டது. அக்கா மூன்று நாள் அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். நான் அப்போது ஆவடிப் பட்டாளத்து முகாமில் லாரி டயருக்கு ஒட்டுப் போடுகிற வேலையில் இருந்தேன்.

"டேய், லாரி டயருக்குள்ள ரப்பர் குழாய் கீதே, அதுல முழம் நீளம் எனக்கு வேணும்."

யுத்த காலத்தில் ரப்பர்! தங்கத்தைக் கேட்டிருந்தாலும் பரவாயில்லை. திருடினால் துப்பாக்கியால் சுடுவான் என்று பயந்து, முகாமிலிருந்த வெள்ளைக்கார சார்ஜென்ட்டிடமே போய் நின்றேன். எனக்கு அவன் பாஷை தெரியாது, அவனுக்கு என் பாஷை தெரியாது. வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். பசிக்கிறது என்று நினைத்து ரெண்டு பிஸ்கட் கொடுத்தான். தின்றுவிட்டு மறுபடி வயிற்றைக் காட்டினேன். இன்னும் ரெண்டு கொடுத்தான். அப்புறம் மண்ணில் குச்சியால் ஆள் படம் போட்டு, வயிற்றில் ஓட்டை போட்டு, கீழே ஒரு பையும் வரைந்தேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு உள்ளே போய், ஒட்டே போடாத புது டியூபில் ஒரு கை நீளம் வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தான். அந்த வெள்ளைக்காரன் நன்றாக இருக்கட்டும்.

அக்கா அதில் இரண்டு பை செய்தாள். அடிப்பக்கம் ஒட்டி, வாய்க்கு வளையம் வைத்து, தோலில் படுகிற இடத்துக்குப் பழைய மல்துணி சுற்றி, அகலமான துணிப் பட்டையில் தைத்தாள். ஒன்று மாமாவின் இடுப்பில், மற்றொன்று கொடியில். சொட்டுக் கசிவு கிடையாது. கொடியில் தொங்குவது என்ன என்று யாராவது கேட்டால், "மாப்ளை வேட்டி காயுது," என்பார் மாமா.

பை சரியாகிவிட்டது. மனுஷர்களை என்ன செய்வது? பூந்தமல்லியில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பந்தியின் கோடியில், கதவோரமாக அவருக்கு இலை போட்டிருந்தார்கள், அவசரமென்றால் எழுந்து போக வசதியாக இருக்குமாம். மாமா அந்த இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து பந்தியின் நட்ட நடுவில், இரண்டு பேருக்கு மத்தியில் நுழைந்து உட்கார்ந்தார். பரிமாறுகிறவன் ஒரு கரண்டி சோறு வைத்துவிட்டு நகரப் பார்த்தான்.

"எங்க போறே? அளந்து குடுக்காதே நைனா! அந்த வாளியை இங்கியே கவுறு!"

கோயில் திருவிழாவுக்காக ஊர்க் கூட்டம் போட்டபோது ஒரு பெரியவர் விடாமல் பேசிக்கொண்டே போனார். கூட்டம் நெளிந்தது, யாருக்கும் வாய் திறக்கத் தைரியமில்லை. திடீரென்று மாமாவின் பக்கத்திலிருந்து 'புர்ர்'. "மன்னிச்சிக்கணும்," என்று மாமா எழுந்து கைகூப்பினார். "எங்க மாப்ளைக்குத் தூக்கம் வருதாம். சுருக்க முடிக்கச் சொல்றாரு." இப்படிச் சிரித்தேன் அப்படிச் சிரித்தேன் என்றில்லை, விலா நோகச் சிரித்தேன். கூட்டம் அடுத்த கால் மணி நேரத்தில் முடிந்தது.

இத்தனை சிரித்த மனுஷர் ஒரு வருஷத்தில் பாதி என்னோடு பேசாமல் இருந்தார். அதற்குக் காரணம் நான்தான். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

காணும் பொங்கலன்று எங்கள் முத்தாபுதுப்பேட்டைக்கும் கள்ளிக்குப்பத்துக்கும் சடுகுடு நடக்கும். பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள் அல்லவா? களத்தில் எதிரும் புதிருமாக நிற்பதெல்லாம் மாமன் மச்சான்கள்தான். நக்கலுக்குக் கேட்க வேண்டுமா! எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மூச்சு விடாமல் பாடிக்கொண்டு எதிர்ப் பக்கம் போகிற ஒவ்வொரு ஆளும் தோகையோடு ஒரு முழுக் கரும்பைக் கொண்டுவந்து, எல்லைக் கோட்டுக்கு வெளியே மண்ணில் குத்தி நிறுத்திவிட்டுத்தான் களத்தில் இறங்க வேண்டும். எதிர்க்கட்சியில் யாரிடம் பிடிபடுகிறாரோ அவருக்கு அந்தக் கரும்பு. கடைசி வரை பிடிபடவில்லையென்றால் கரும்பை அவரே தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

பாடிப் போவதில் கள்ளிக்குப்பத்தின் பெரிய ஆள் மாமா. எங்கள் பக்கத்தில் பிடிக்கிறவன் நான். என் பிடி இடுப்புப் பிடி. வந்தவரைப் பின்னாலிருந்து இடுப்போடு கட்டித் தூக்கிவிட்டால் முடிந்தது. வியாதி வருவதற்கு முன்னால் இரண்டு பொங்கல் மாமாவை அப்படிப் பிடித்து, இரண்டு கரும்பு வாங்கித் தின்றிருக்கிறேன்.

ஆபரேஷனுக்கு அடுத்த பொங்கல் வந்தது. மாமா ஆடுவேன் என்றார். அக்கா முடியாது என்றாள். சண்டை முற்றி, டாக்டர் சொல்வதுதான் தீர்ப்பு என்று இருவரும் ரயிலேறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்த டாக்டருக்குச் சடுகுடு என்றால் என்னவென்று தெரியவில்லையாம். மாமா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மூச்சுப் பிடித்துப் பாடிக் காட்டினாராம். வார்டில் படுத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து பார்த்தார்களாம். டாக்டர் சிரித்துவிட்டு, பாரம் தூக்காதே, வயிற்று வாயில் மட்டும் அடி படாமல் பார்த்துக்கொள், மற்றபடி ஓடு, ஆடு என்று சொல்லிவிட்டார். அக்கா வீட்டுக்கு வந்து, மூலையில் கிடந்த அந்தத் தகரக் கிண்ணத்தைத் தேடி எடுத்தாள். வயிற்று வாயின் மேல் அதைக் கவிழ்த்து வைத்து, பஞ்சு அடைத்து, பட்டையால் இறுக்கிக் கட்டினாள். ஒன்றுக்கும் உதவாத கிண்ணம் இப்போது கவசமாகிவிட்டது. "கல்லால அடிச்சாலும் மாப்ளைக்குக் கேக்காது," என்று மாமா அதைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

இவ்வளவும் எங்கள் கட்சிக்கு நான் சொன்னேன். ஆனாலும் ஆட்டத்துக்கு முன்னால் எங்கள் ஏழு பேரும் கூடிப் பேசி ஒரு முடிவெடுத்தோம். ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? சம்பந்தி ஊர் ஆயிற்றே. யாரும் அவர் மேல் கை வைக்க வேண்டாம். சரி என்று நானும் தலையாட்டினேன். என் இடுப்புப் பிடி நேரே அந்தக் கிண்ணத்தின் மேல்தானே விழும்.

மாமா பாடிக்கொண்டு வந்தார். சடுகுடு, சடுகுடு, சடுகுடு! அடேயப்பா, என்ன குரல்! அறுப்பு முடிந்த வயலில் கூடியிருந்த இரண்டு ஊர் ஜனமும் எழுந்து நின்றது. முதல் ஆள் ஒதுங்கினான், தொட்டார். இரண்டாவது ஆள் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், தொட்டார். ஆறு பேரையும் தொட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றார். அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. பாட்டை நிறுத்தாமல் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி எனக்கு முதுகைக் காட்டினார். பிடிடா என்று அதைவிட எப்படிக் கேட்பது? என் கை தானாக உயர்ந்தது. தூக்கிய கையைக் கீழே போட்டுவிட்டேன். அவர் திரும்பி, ஒற்றை விரலால் என் நெஞ்சைத் தொட்டுவிட்டு, ஓடவில்லை, நடந்தே கோட்டைத் தாண்டினார்.

ஒரே பாட்டில் ஏழு பேர் அவுட்! கள்ளிக்குப்பம் ஆர்ப்பரித்தது. அவரைத் தோளில் தூக்க ஓடி வந்தார்கள். மாமா கைகளை உதறிவிட்டு, தன் கரும்பைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் வயலைவிட்டு வெளியேறினார். தப்புப் பண்ணிவிட்டேன் என்று அப்போதே தெரிந்தது.

அதற்கப்புறம் என்னோடு பேச்சில்லை. நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன், "உன் தம்பியை மோர் குடிக்கச் சொல்லு," என்று அக்காவிடம் சொல்வார். "குடிச்சிட்டேன்னு சொல்லுக்கா," என்பேன். நடுவில் அக்காவுக்குத் தலை வெடிக்கும். "ரெண்டு பேரும் எக்கேடாவது கெட்டுப் போங்க!" என்று முறத்தை வீசிவிட்டு எழுந்து போவாள்.

ஆடி மாதம் ஒரு நாள் அவரைத் தேடித் தோட்டத்துக்கே போனேன். கத்தரிப் பாத்திக்குப் பக்கத்தில், வாய்க்கால் ஓரமாக, ஆள் உயரத்துக்குக் கரும்பு நின்றது. நாலே நாலு குத்து. மாமா அதற்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார்.

"இது இன்னான்னு தெரியுதா?"

ஆறு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"கரும்பு மாமா."

"உன் கரும்பு. அன்னிக்கி நீ வாங்காம உட்டது. எனக்குத் துன்ன மனசு வரல. கரணை கரணையா வெட்டிப் புதைச்சேன். பொங்கலுக்கு வெளஞ்சிடும்." மண்வெட்டிக் காம்பின் மேல் முகவாயை வைத்துக்கொண்டார். மாமா அப்படி நின்று நான் பார்த்ததில்லை. "மச்சான், எல்லாரும் எனக்கு வழி உட்டு உட்டு ஒதுங்குறாங்க. தண்ணி உடுறான், எடம் உடுறான், பந்தியில கதவாண்ட எலை போடுறான். எங்க கட்சிக்காரனே நான் தப்பா ஆடினா ஒரு வார்த்தை கேக்கமாட்டேங்கிறான். நான் இங்கதான்யா கீறேன்! உசிரோட, முழுசா கீறேன்! நீயும் உட்டுட்டியே."

நான் அழுதுவிட்டேன். வெட்கமென்ன, இருபத்திரண்டு வயசுத் தடியன், கரும்புக் குத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"வர்ற பொங்கலுக்கு என்னைப் புடிச்சா இது உனக்கு. புடிக்கலேன்னா எங்க ஊட்டு மாட்டுக்கு," என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்து மண் அணைக்க ஆரம்பித்தார்.

இடுப்பைத் தொடாமல் அவரைப் பிடிக்க வேண்டுமென்றால் ஒரே வழி, கணுக்கால் பிடி. எனக்கு அது சுத்தமாக வராது. கற்றுக்கொள்ள வேண்டியதுதான். யாரை வைத்துக் கற்றுக்கொள்வது? எங்கள் வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளாடு இருந்தது, காற்றாகப் பறக்கும். முகாம் வேலை முடிந்து வந்ததும் தினம் அதைத் துரத்துவேன். பாய்ந்து விழுந்து பின்னங்காலைப் பிடிப்பேன். முதல் மாதம் முழுக்க ஆட்டுக்குத்தான் ஜெயம். முழங்கையில் தோலே இல்லை.

"ஆட்டுக் காலைப் புடிச்சிக்கினு மண்ணுல பொரள்றானே, இவனுக்கு இன்னா ஆச்சி!" என்று அம்மா ஊரைக் கூட்டினாள். தீபாவளிக்குள் ஆட்டுக்கு என் மேல் பயம் வந்துவிட்டது. நான் தெருமுனையில் தெரிந்தாலே கத்தும்.

பொங்கலுக்கு முதல் நாள் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"புடிடா. அவரு ஆசை அதான்னா புடி. ஆனா இடுப்புக்கு மேல உன் கை போச்சி, அந்தக் கையை ஒடைச்சி அடுப்புல வெச்சிடுவேன்."

காணும் பொங்கலும் வந்தது. மாமா கரும்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். வாய்க்காலோரத்துக் கரும்பு, கணுவுக்குக் கணு ஒரு சாண், தோகை வானத்தைத் தொடுகிறது! அதை எல்லைக் கோட்டுக்கு வெளியே குத்தி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எங்கள் ஆட்களிடம் நான் முன்பே சொல்லியிருந்தேன். எவனாவது ஒதுங்கினால் அவனோடு எனக்கு ஜென்மத்துக்கும் பேச்சில்லை என்று.

ஆட்டம் அன்றைக்குத்தான் ஆட்டம்! இரண்டு ஊரும் மாறி மாறி ஏறியது. வெயில் சாய்கிற நேரத்தில் இரண்டு கட்சியும் சமம். எங்கள் பக்கம் நான் ஒருவன்தான் மிச்சம். அவர்கள் பக்கம் மாமா ஒருவர்தான் மிச்சம். கடைசிப் பாட்டு. என்னைத் தொட்டுவிட்டுக் கோடு தாண்டினால் கள்ளிக்குப்பம் ஜெயித்தது. பிடித்தால் நாங்கள். நடுக்கோட்டில் நின்று தீர்ப்புச் சொல்பவர் அம்பத்தூர்த் தபால்காரர். இரண்டு ஊருக்கும் பொதுவான மனுஷர். அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

சடுகுடு, சடுகுடு, சடுகுடு! மாமா இடது பக்கம் காட்டி வலது பக்கம் பாய்ந்தார். நான் நகர்வதற்குள் என் தோளில் பளீரென்று ஓர் அடி. தொட்டுவிட்டார்! வளைந்து திரும்பி ஓடுகிறார்! நான் ஆட்டை நினைத்துக்கொண்டு அப்படியே தரையோடு பாய்ந்தேன். கைக்குக் கிடைத்தது வலது கணுக்கால்.

மாமா விழுந்தார். விழும்போதும் மாப்பிள்ளையை மறக்கவில்லை, வலது பக்கமாகச் சாய்ந்துதான் விழுந்தார். விழுந்தும் பாட்டு நிற்கவில்லை. சடுகுடு, சடுகுடு! ஒரு காலால் உதைக்கிறார், கைகளை ஊன்றி என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறார். அறுத்த நெல் தாள் என் முகவாயைக் குத்திக் கிழிக்கிறது. கோட்டுக்கும் அவர் விரலுக்கும் ஒரு முழம். அரை முழம். வியர்வையில் கால் வழுக்குகிறது. "ஐயோ, உட்டுடுடா!" என்று கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் கத்துகிறார். உடனே நாலைந்து பேர் சேர்ந்து, "உட்டுடு, உட்டுடு!" என்கிறார்கள். என் விரல்கள் தளர்ந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், தளர்ந்தன. அப்போது எல்லாக் குரலுக்கும் மேலே அக்காவின் குரல் கேட்டது.

"உடாதடா! புடி!"

பிடித்தேன். இரண்டு கையாலும், பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். சடுகுடு, சடு... கு... மாமாவின் விரல் கோட்டுக்கு நாலு விரற்கடை தூரத்தில் மண்ணைப் பிறாண்டியது. மூச்சு அறுந்தது.

தபால்காரர் விசிலை வாயில் வைத்தபடியே நிற்கிறார், ஊதவில்லை. மாமா முகத்தை மண்ணில் வைத்துக்கொண்டு கிடக்கிறார். எனக்கு உயிர் போய்விட்டது. அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் மாமா ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, பட்டையைக் கொஞ்சமாக விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். கிண்ணத்தை 'டொக்டொக்' என்று தட்டினார்.

"மாப்ளை சௌக்கியம்! தூங்குறாரு!"

பிறகு தபால்காரரைப் பார்த்துக் கத்தினார்.

"ஊதுய்யா! இன்னாத்துக்கு அதை வாயில வெச்சிக்கினு கீறே?"

விசில் ஒலித்தது. "அவுட்டு," என்றார் தபால்காரர், பயந்துகொண்டே.

"அளந்து சொல்லாதே! சத்தமா!"

"அவுட்டு!" என்று அவர் தொண்டை கிழியக் கத்தினார். எங்கள் ஊர் துள்ளிக் குதித்தது.

அந்தப் பக்கத்திலிருந்து கள்ளிக்குப்பத்து ஆட்கள் ஆறு பேரும் ஓடி வந்தார்கள். தூக்கி நிறுத்தத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். முதலில் வந்தவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஏன்யா, அறிவு கீதா உனக்கு? தொட்டதும் நேரா ஓடாம எதுக்கு வளைஞ்சே? கையில இருந்த ஆட்டத்தைக் கோட்டை உட்டுட்டியே!"

"இவரு கிழிச்சாரு!" என்றான் இன்னொருவன். "நாலு விரல் தூரம்யா! எட்டித் தொட்டிருந்தா ஜெயிச்சிருப்போம். எங்களைச் சொல்லணும், கடைசிப் பாட்டை இந்த ஆளை நம்பி உட்டோம் பாரு!"

ஆறு பேரும் சுற்றி நின்று வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். நான் இன்னமும் அந்தக் கணுக்காலை விடவில்லை. மாமா திட்டுகிறவர்களை ஒவ்வொருவராக அண்ணாந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் மண், கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் பல்.

"கேட்டியா மச்சான்?" என்றார். "திட்டுறானுங்க! என்னைத் திட்டுறானுங்க!"

சொல்லிக்கொண்டே என் கையை உதறிவிட்டு எழுந்து, என் கரும்பை எடுத்துவர ஓடினார்.